ஷா வீட்டுக் கொட்டகைக் கணக்கு

1970-களின் கடைசியிலும் 80-களிலும் குங்ஃபூ படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேடயச் சின்னம் மறந்திருக்காது. டைட்டிலுக்கு முன்னால் ஒரு கேடயம், அதற்குள் ‘எஸ்பி’ என்று இரண்டு ஆங்கில எழுத்து, பின்னால் வண்ணக் கண்ணாடிக்குள் விளக்கு எரிகிற மாதிரி வெளிச்சம். ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் சின்னத்தைப் பார்த்துச் செய்தது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். செய்தவர்களும் அதை மறைக்க மெனக்கெடவில்லை. ‘36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ மாதிரியான படங்கள் அந்தக் கேடயத்தைத் தாங்கித்தான் நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்தன. பார்த்துவிட்டு வெளியே வந்த பையன்கள் வீட்டு மொட்டைமாடியில் மூங்கில் கம்பு சுற்றினார்கள். ஷா பிரதர்ஸ் என்பது ஏதோ ஒரு ஹாங்காங் கம்பெனி என்ற அளவில் நம் விசாரணை முடிந்துவிட்டது.

அந்த ஹாங்காங் ஸ்டூடியோவைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை வேறு பக்கம் போகிறது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கொட்டகை கொட்டகையாக டிக்கெட் கிழித்துச் சேர்த்த காசு அது. ஈயச் சுரங்கத்துச் சீனரும் கிராமத்து மலாய்க்காரரும் கொடுத்தது போக, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் கொடுத்ததும் அதில் உண்டு.

ஷா சகோதரர்களைப் படமுதலாளிகள் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆயிரத்துக்குப் பக்கமாகப் படம் எடுத்தவர்களை வேறெப்படி எழுதுவது? ஆனால் அவர்கள் வரவு செலவை எந்தப் பக்கம் புரட்டினாலும், இவர்கள் நாற்காலி வியாபாரிகள் என்றே எனக்குப் படுகிறது. முதலில் நாற்காலி, பிறகு நாற்காலிக்கு அடியில் இருக்கும் மனை. நாற்காலியை நிரப்புவதற்கான சரக்குதான் படம். சரக்கு வெளியில் மலிவாகக் கிடைத்தால் வாங்கினார்கள், கிடைக்காதபோது தாங்களே உற்பத்தி செய்தார்கள்.

ஷாங்காயில் தொடங்கிய வழக்கு

குடும்பம் நிங்போ வட்டாரத்தைச் சேர்ந்தது. அப்பா ஷாங்காயில் ஜவுளி வியாபாரி. பிள்ளைகளில் நான்கு பேர் சினிமாவுக்கு வந்தார்கள்: மூத்தவர் ரன்ஜே, அடுத்து ரன்டே, பிறகு ரன்மீ, கடைக்குட்டி ரன்ரன். சட்டம் படித்த ரன்ஜேவின் கைக்கு ஷாங்காயில் ஒரு நாடகக் கொட்டகை வந்தது. நாடகத்தில் பார்த்த அனுபவத்தை வைத்து 1925-இல் தியன்யி என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார். தம்பிகள் கணக்கு, விநியோகம், எடுபிடி என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

நாகரிக ஷாங்காய் மேல்நாட்டு பாணிக் காதல் கதைகளை விரும்பிய காலம் அது. தியன்யி வேறு கணக்குப் போட்டது. பாட்டி சொல்லிக் கேட்ட வெள்ளைப் பாம்பு கதை, பட்டாம்பூச்சியான காதலர் கதை, வாள்சண்டை என்று ஊருக்கெல்லாம் தெரிந்த கதைகளைக் குறைந்த செலவில் எடுத்துத் தள்ளியது. நம் ஊரில் புராணப் படங்கள் ஓடிய அதே காரணத்துக்காக அவையும் ஓடின. பொறுக்குமா போட்டிக் கம்பெனிகளுக்கு? 1928-இல் ஆறு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, ‘தியன்யி படத்தை எடுக்கிற கொட்டகைக்கு எங்கள் படம் கிடையாது’ என்று கட்டுப்பாடு போட்டன.

படம் கையில் இருந்தும் திரையிட இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் குடும்பம் அப்போது பட்டுத் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த முடிவுகளில் பாதிக்கு இந்தப் பாடத்தில் விளக்கம் கிடைக்கும்.

தெற்கே சந்தை இருக்கிறதா என்று பார்க்க ரன்மீ அதற்கு முன்பே, 1920-களின் நடுவில், சிங்கப்பூர் வந்திறங்கியிருந்தார். வயது இருபத்தைந்தைத் தொட்டிருக்கவில்லை. ஹாய் செங் என்ற பெயரில் ஒரு சிறு அலுவலகம் போட்டு, படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்காரர்களிடம் அலைந்தார். ஊரில் கொட்டகை வைத்திருந்தவர்கள் ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ் என்று தத்தம் வட்டாரத்து ஆட்களோடு தொழில் செய்கிறவர்கள். ஷாங்காய்ப் பக்கத்துப் பையனுக்கு அங்கே உறவுமில்லை, சிபாரிசுமில்லை. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் தேதி இல்லை என்றார்கள். சினிமாத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் தெரியும்.

தேதி கொடுக்க ஆளில்லை என்றானபின் கொட்டகையையே வாடகைக்கு எடுத்தார்கள். 1927-இல் தஞ்சோங் பகாரில் எம்பயர் என்று ஒரு சாதாரணக் கொட்டகை. துறைமுகத்தை ஒட்டிய பகுதி, மரக்கட்டுமானம், முதுகு வலிக்கும் இருக்கைகள். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய தியேட்டர் சங்கிலிக்கு அதுதான் முதல் கண்ணி.

லாரியும் ஜெனரேட்டரும்

சிங்கப்பூரில் நல்ல இடங்களெல்லாம் ஏற்கெனவே மற்றவர் கையில் இருந்தன. அண்ணனுக்குத் துணையாக வந்துசேர்ந்த ரன்ரன்னும் ரன்மீயும் வடக்கே பார்த்தார்கள். ஈப்போ, கோலாலம்பூர், பினாங்கு. அதற்கும் அப்பால் பெயர் தெரியாத ஈயச் சுரங்க ஊர்கள், ரப்பர் தோட்டங்கள். சினிமாக்காரர் பாஷையில் சொன்னால் ‘சி சென்டர்’கூட இல்லை, அதற்கும் கீழே. ஆனால் மாதச் சம்பளமோ வாரக்கூலியோ கையில் வாங்குகிற ஆயிரக்கணக்கான ஆண்கள் பொழுதுபோக்கு என்று எதுவும் இல்லாமல் அங்கே கிடந்தார்கள்.

கொட்டகை கட்டுமளவு ஊர் இருந்தால் கட்டினார்கள். இல்லாத ஊருக்கு லாரி போனது. லாரியில் ஒரு ப்ரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், மடித்த வெள்ளைத் துணி, மூங்கில். ஊர்த்திடலில் கட்டி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன அதே முறைதான். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு திடலிலும் மூன்று நான்கு மொழிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பேசாத படம் இருந்தவரை அது பிரச்சினையே இல்லை. ஒரே பெட்டியைச் சீனருக்கும் போடலாம், தமிழருக்கும் போடலாம். நடுவில் வரும் எழுத்தட்டையை ஒருவர் சத்தம் போட்டுப் படித்துச் சொன்னால் போதும். பேசும்படம் வந்ததும் கூட்டம் மொழிவாரியாகப் பிரிந்தது. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் பேசத் தொடங்கிய பிறகு, தோட்டத்துத் தமிழருக்கு வேறெதையும் காட்டிச் சமாளிக்க முடியவில்லை. மலாயாவும் சிலோனும் தமிழ்ப் படத்துக்கு நல்ல வெளிநாட்டு ஏரியாவாக ஆனது அப்போதுதான்.

சிறிய முதலாளியாக இருந்தால் இந்த மொழிக் குழப்பத்தில் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார். ஷாக்களுக்கு அதுவே லாபமாக அமைந்தது. ஒரு கொட்டகை சீனப் படத்துக்கு, பக்கத்துத் தெருவில் இன்னொன்று ஆங்கிலப் படத்துக்கு, சிற்றூரில் ஒரே கொட்டகையில் நாள் மாற்றி நாள் மலாய், தமிழ், இந்தி என்று அட்டவணை போட்டார்கள். பெட்டிகள் ரயிலில் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தன. கொட்டகை எவ்வளவு அதிகமோ, ஒரு பெட்டியின் விலை அவ்வளவு குறைவு. 1933-இல் குடும்பத்தின் தியன்யி எடுத்த ‘வெள்ளைத் தங்க டிராகன்’ என்ற காண்டனீஸ் பேசும்படம் ஓடிய ஓட்டம் அண்ணன்மாரை ஹாங்காங்குக்கு இடம்பெயரவே வைத்தது. அங்கே எடுப்பதை இங்கே ஓட்டலாம். நடுவில் தரகர் கிடையாது.

1939-க்குள் சிங்கப்பூர், மலாயா, சயாம், டச்சு இந்தியத் தீவுகள், இந்தோசீனா என்று மொத்தம் 139 கொட்டகைகள் ஷா கையில் இருந்தன. தஞ்சோங் பகார் மரக்கொட்டகைக்குப் பிறகு பன்னிரண்டே வருடம்.

கொட்டகை மட்டும்தான் தொழில் என்றும் நினைக்கக்கூடாது. சிங்கப்பூரில் ‘உலகங்கள்’ என்று பெயர்வைத்த கேளிக்கைப் பூங்காக்கள் அப்போது பிரசித்தம்: நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட். வாசலில் சில காசு கொடுத்து உள்ளே போனால் ராட்டினம், பங்சாவான் என்ற மலாய் நாடகம், சீனக் கூத்து, நடன மேடை, குத்துச்சண்டை, சாப்பாட்டுக் கடை, நடுவில் சினிமா. அண்ணன் தம்பி இரண்டு பேர் 1923-இல் தொடங்கிய நியூ வேர்ல்டில் ஷாக்கள் பங்குதாரராகச் சேர்ந்தார்கள். கிரேட் வேர்ல்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். நியூ வேர்ல்ட் இருந்த இடம் சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தேக்கா வட்டாரத்துத் தமிழர்களின் மாலைப்பொழுது அங்கே எத்தனை கழிந்ததென்று பழைய சிங்கப்பூர்க்காரர்களைக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் சொல்வார்கள்.

இந்தப் பூங்கா யோசனையில் இருக்கும் சாமர்த்தியம் எனக்குப் பிடித்தது. படம் ஊத்திக்கொண்டாலும் ராட்டினம் சுற்றும், கடை வாடகை வரும்.

தோட்டத்தில் புதைத்தது

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆங்கில, அமெரிக்கப் படங்கள் பறிமுதல். கொட்டகைகளில் ஜப்பானியப் பிரச்சாரப் படங்கள். ஊரின் அழகான தியேட்டரான கேப்பிட்டல் பெயர் மாறி க்யோ-எய் கெகிஜோ ஆனது.

படை வருகிறது என்று தெரிந்ததுமே ஷாக்கள் தங்கம், நகை, ரொக்கம் எல்லாவற்றையும் வீட்டுத் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்துவிட்டார்கள். மூன்றரை வருடம் கழித்துத் தோண்டியபோது நோட்டெல்லாம் பூசணம் பூத்து, கைக்கடிகாரங்கள் துருப்பிடித்து, முத்துகள் பழுப்பேறிக் கிடந்தனவாம். தங்கம் மட்டும் போட்டது போட்டபடி மஞ்சளாக இருந்தது என்று ரன்ரன் பின்னாளில் பேட்டிகளில் ரசித்துச் சொல்லியிருக்கிறார். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் போர் முடிந்தவுடன் மற்ற முதலாளிகள் பேங்க் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஷாக்கள் சொத்து வாங்கினார்கள் என்பதில் மெருகு எதுவும் இல்லை.

1946-இல் அவர்கள் வாங்கியவற்றில் முக்கியமானது கேப்பிட்டல். பாரசீக வழிவந்த நமாஸி குடும்பம் கட்டி 1930-இல் திறந்தது. 1,600-க்கு மேல் இருக்கைகள். போரின் கடைசிக் கட்டத்தில் குண்டு வெடித்துச் சேதமாகியிருந்த கட்டடத்தை ஷாக்கள் வாங்கிச் செப்பனிட்டார்கள். மேடையின் இரண்டு பக்கச் சுவரிலும் சிறகு முளைத்த குதிரையும் அதன் அருகே ஒரு பெண்ணுமாகப் பெரிய புடைப்புச் சிற்பங்கள் வைத்தார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வரும் குமாஸ்தாவுக்கு இரண்டரை மணி நேரமாவது தான் ஒரு அரண்மனையில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்ற வேண்டும். ஒரு காலத்தில் முதுகு வலிக்கும் இருக்கை போட்டுத் தொழில் தொடங்கியவர்கள்தான் இவர்கள்.

ஜாலான் அம்பாஸ்

மலாய்க்காரர்களுக்கு அவர்கள் மொழியில் படம் இல்லாத குறை நெடுநாளாக இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ் ‘லைலா மஜ்னு’வை மலாயில் எடுக்க, அது ஓடியது. ஓடியதை ஷாக்கள் கவனித்துக்கொண்டார்கள். போருக்கு முன்பே கொஞ்சம் முயன்று பார்த்தவர்கள், போருக்குப் பிறகு பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸ் என்ற சிறு தெருவில் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோவை முழுமூச்சாக நடத்தத் தொடங்கினார்கள். 1967-இல் மூடும்வரை அங்கே தயாரான படங்கள் நூற்றைம்பதுக்கும் மேல்.

அந்த ஸ்டூடியோ எப்படி ஓடியது என்பதே ஒரு தனிக் கதை. முதல் போட்டவர் சீனர். காமிரா, லேப் பக்கத்தில் பெரும்பாலும் சீனர்கள். நடிகர்கள், பாடகர்கள் மலாய்க்காரர்கள். டைரக்டர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டவர்கள்: ராஜ்ஹான்ஸ், பி.என். ராவ், எஸ். ராமநாதன், கல்கத்தா ஃபணி மஜும்தார். மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்து, போருக்குப்பின் மெட்ராஸ் போய்த் தொழில் பழகித் திரும்பிய எல். கிருஷ்ணனும் அந்த வரிசையில் உண்டு. இந்தியப் படக் கதையை டைரக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார். ஜமீல் சூலோங் போன்ற உதவியாளர்கள் உட்கார்ந்து மலாய் வசனமாக்குவார்கள். அதனால்தான் அந்தக் காலத்து மலாய்ப் படத்தில் மாமியார் கொடுமையும், கண் தெரியாத தாயும், சோகப் பாட்டும் நம் வீட்டுப் படம் மாதிரியே இருக்கும்.

1948-இல் ராஜ்ஹான்ஸ் கண்ணில் பட்டு பினாங்கிலிருந்து ரயிலேறி வந்த ஒரு பாட்டுக்கார இளைஞர், முகத்தில் அம்மைத்தழும்பு மாதிரிப் பருவடு இருந்ததால் முதலில் பின்னணி பாடவும் வில்லனுக்கும்தான் பயன்பட்டார். அவரைக் கதாநாயகனாக்கலாம் என்று ‘பக்தி’ (1950) படத்தில் துணிந்தவர் எல். கிருஷ்ணன். அந்த இளைஞர் பி. ராம்லி. 1955-இல் ‘பெனாரெக் பெச்சா’ என்ற ரிக்‌ஷாக்காரர் கதையை ராம்லியே இயக்கிக் காட்டிய பிறகு, இந்திய டைரக்டர்களின் காலம் மெல்ல முடிந்தது. நடிப்பு, பாட்டு, இசை, இயக்கம் எல்லாம் ஒரே ஆள். இன்றைக்கும் மலேசியாவில் ராம்லி படத்தின் வசனத்தை மூன்று இனத்தவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அவருக்கு ஷாக்கள் கொடுத்தது மாதச் சம்பளம். படம் எத்தனை வாரம் ஓடினாலும் அந்தச் சம்பளம்தான், மேலே கொஞ்சம் போனஸ். ராம்லிக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். 1957-இல் கலைஞர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வேலையை விட்டு நீக்கியதும் ஸ்டூடியோவே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கதாநாயகனும் கதாநாயகியும் கேட்டுக்கு வெளியே கொடி பிடித்து நின்றதை ரசிகர்கள் வந்து பார்த்தார்கள். சமரசம் ஆனது, சம்பளமுறையில் பெரிய மாற்றம் வரவில்லை. 1964-இல் கோலாலம்பூர் போன ராம்லி, 1973-இல் நாற்பத்து நான்கு வயதில், கையில் காசில்லாமல் இறந்தார். முதலாளியின் பேரேட்டில் இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுதுவார்களோ தெரியாது. ஷா குடும்பத்தின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்கிற யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிக்கொண்டு போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

எதிர்வீட்டு இளவரசர்

ஷாக்களுக்குச் சமமாக நின்ற போட்டி ஒன்றே ஒன்றுதான்: கேத்தே. அதுவும் குடும்பத் தொழில்தான், ஆனால் ரத்தமே வேறு. கோலாலம்பூர் ஈயச்சுரங்கக் கோடீஸ்வரர் லோக் யூவின் மகன் லோக் வான் தோ, கேம்பிரிட்ஜில் படித்தவர். தாயும் மகனுமாக 1939-இல் சிங்கப்பூரில் கட்டிய கேத்தே கட்டடம் அன்று அந்த ஊரிலேயே உயரமானது. குளிர்சாதன வசதியோடு தியேட்டர், மேலே குடியிருப்பு.

அந்தத் தியேட்டருக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1943 அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தது கேத்தே கட்டடத்தில்தான். தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் கதையில் அந்த நாளுக்கு இருக்கும் இடம் பெரியது.

லோக் அப்போது இந்தியாவில் இருந்தார். சிங்கப்பூரைவிட்டுத் தப்பிய கப்பல் குண்டுபட்டு, தீக்காயத்தோடு பிழைத்துக் கரையேறியவர், பம்பாயில் பறவையியலாளர் சாலிம் அலியோடு பழகி வாழ்நாள் நண்பரானார். சாலிம் அலியின் பயணங்கள் சிலவற்றுக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. பறவைகளைப் படமெடுப்பதற்காக மரத்தின்மேல் பரண் கட்டிக் காத்திருக்கும் சினிமா முதலாளியை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஷாக்கள் ஒரு கொட்டகை கட்டினால் இவர் இன்னொன்று கட்டினார். அவர்கள் மலாய்ப் படம் எடுத்தால் இவரும் எடுத்தார். பி.என். ராவை வைத்து இவருடைய ஸ்டூடியோ 1957-இல் எடுத்த ‘பொந்தியானா’ பேய்ப்படம் மலாயாவையே கலக்கியது. ஹாங்காங்கிலும் இவருடைய படக் கம்பெனி ஷாக்களை முந்தத் தொடங்கியது.

அதைச் சமாளிக்கத்தான் சிங்கப்பூரை ரன்மீயிடம் விட்டுவிட்டு ரன்ரன் ஹாங்காங் போனார். 1961-இல் கிளியர்வாட்டர் பே குன்றில் ‘மூவிடவுன்’ திறந்தார்: செட்டுகள், லேப், டப்பிங், தையற்கூடம், நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தங்கும் விடுதி, எல்லாம் ஒரே வளாகத்துக்குள். ஜாலான் அம்பாஸ் முறையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் மூவிடவுன். கையிலிருந்த தியேட்டர்களுக்கு வாராவாரம் புதுப்படம் வேண்டும். ஆகவே உச்சகட்டத்தில் ஆண்டுக்கு நாற்பது படம்வரை எடுத்தார்கள். ‘ஒன்-ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்’ (1967), நம் ஊர்வரை வந்த குங்ஃபூ எல்லாம் அங்கே செய்த சரக்கு.

போட்டி முடிந்தது ஒரு விபத்தில். 1964 ஜூன் 20 அன்று, ஆசியத் திரைப்பட விழாவுக்காகத் தைவான் போயிருந்த லோக் வான் தோவும் மனைவியும் விமான விபத்தில் இறந்தார்கள். நாற்பத்தொன்பது வயது. அவருக்குப் பிறகு ஹாங்காங்கில் கேத்தே படத்தயாரிப்பு தேய்ந்து நின்றது.

ஷாக்களுக்கு அடி விழுந்தது உள்ளேயிருந்து. அவர்களிடம் வேலை பார்த்த ரேமண்ட் சௌ 1970-இல் வெளியேறி கோல்டன் ஹார்வெஸ்ட் தொடங்கினார். கேத்தேயின் பழைய ஹாங்காங் ஸ்டூடியோதான் அவருக்குப் புகலிடம். அமெரிக்காவிலிருந்து வந்த புரூஸ் லீக்கு ஷாக்கள் வழக்கம்போலச் சொற்பச் சம்பளம் பேச, அவர் சௌ பக்கம் போய்விட்டார். ராம்லியிடம் செல்லுபடியான கணக்கு புரூஸ் லீயிடம் செல்லவில்லை.

மனைக் கணக்கு

இதற்குள் டெலிவிஷன் வந்துவிட்டது. பின்னாலேயே திருட்டு வீடியோ. ஆயிரத்தைந்நூறு இருக்கைக் கொட்டகையில் பகல்காட்சிக்கு ஐம்பது பேர். நம் ஊரில் அந்த நாட்களில் தியேட்டர்கள் கல்யாண மண்டபமானதையும் குடோனானதையும் பார்த்திருக்கிறோம். ஷாக்கள் அப்போது என்ன செய்தார்கள்?

சிங்கப்பூரில் ரன்மீ ஆரம்பத்திலிருந்தே கொட்டகையை மட்டும் வாங்கவில்லை, அடிமனையோடு வாங்கினார். ஆர்ச்சர்ட் ரோடும் ஸ்காட்ஸ் ரோடும் சந்திக்கும் மூலையில் 1958 வாக்கில் ஷா ஹவுஸும் பக்கத்தில் லிடோ தியேட்டரும் எழுந்தபோது அந்தப் பகுதியை யாரும் பெரிய கடைத்தெருவாக நினைக்கவில்லை. 1972-இல் அதையொட்டி ஷா சென்டர் வந்தது. பீச் ரோட்டில் பழைய அல்ஹம்ப்ரா, மார்ல்பரோ கொட்டகைகளை இடித்துவிட்டு ஷா டவர்ஸ் கட்டினார்கள். அலுவலகமும் கடையும் தியேட்டருமாகக் கலந்து. அதையும் பிறகு இடித்துப் புதுக் கோபுரம் எழுப்பத் தொடங்கினார்கள். கிரேட் வேர்ல்ட், நியூ வேர்ல்ட் இரண்டும் விற்றுப்போய் மால்களாகிவிட்டன; நியூ வேர்ல்ட் வாசல் வளைவு மட்டும் சிட்டி ஸ்கொயர் மால் முன்னால் நிற்கிறது. கேப்பிட்டலின் மனை அரசாங்கத்துக்குப் போனது. 1998-இல் அங்கே கடைசிப் படம் ஓடியது. 2015-இல் புதுப்பித்துத் திறந்தபோதும் அந்தச் சிறகுக் குதிரைகளை எடுக்கவில்லை.

ரன்மீ 1985-இல் இறந்தார். சிங்கப்பூர் சுற்றுலா வாரியத்துக்குத் தலைமை வகித்தவர், குதிரைப்பந்தயப் பிரியர். 1957-இல் தொடங்கிய ஷா அறக்கட்டளை மூலம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் கொடுத்தது ஏராளம். ரன்ரன் ஹாங்காங்கில் டிவிபி தொலைக்காட்சியைக் கட்டி ஆண்டார், ‘பிளேடு ரன்னர்’ படத்துக்குப் பணம் போட்டார், நோபலுக்குப் போட்டியாகச் சொல்லப்படும் ஷா பரிசை நிறுவினார், 2014-இல் 106 வயதில் இறந்தார். சீனப் பள்ளி, கல்லூரிகளில் அவர் பெயர் தாங்கிய கட்டடங்கள் ஆயிரக்கணக்கில். ராம்லிக்குத் தராத பணம் அங்கெல்லாம் செங்கல்லாக நிற்கிறது என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படிதான். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

1992-இல் சிங்கப்பூரின் முதல் மல்டிபிளெக்ஸ் ஈஷூனில் திறந்தது. பத்துத் திரை. திறந்தவர்கள் கோல்டன் வில்லேஜ். அதன் ஒரு பாதி, ஷாவை விட்டுப்போன ரேமண்ட் சௌவின் கோல்டன் ஹார்வெஸ்ட். அடுத்த வருடமே ஷாக்கள் லிடோவை இடித்துக் கட்டிப் பல திரையாக்கித் திறந்துவிட்டார்கள். இடம் சொந்தமாக இருந்ததால் யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

இனிமேல்தான் எனக்கு மிகவும் சுவாரசியமான கட்டம். 2000-ஆம் ஆண்டில் ஷாக்கள் ஹாங்காங்கில் எடுத்த படங்களில் சுமார் 760-ஐ மொத்தமாக விற்றார்கள். வாங்கிய செலெஸ்டியல் பிக்சர்ஸ், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர் ஆனந்த கிருஷ்ணனின் குழுமத்தைச் சேர்ந்தது. மலேசியாவில் டிஜிவி என்ற தியேட்டர் சங்கிலியும் அவர் தரப்பில் தொடங்கியதுதான். நெகட்டிவ்களைச் சுத்தம் செய்து அவர்கள் வெளியிட்ட டிவிடிகளில்தான் கேடயச் சின்னம் புதிய தலைமுறைக்கு அறிமுகமானது. வாழ்நாள் முழுக்க எடுத்த படங்களைக் கைமாற்றிக் கொடுக்க ஷாக்கள் பெரிதாகத் தயங்கியதாகத் தெரியவில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டு மனை விலைக்கு வந்ததாக மட்டும் கேள்வியே இல்லை.

கேத்தே குடும்பம் நேர்மாறாகச் செய்தது. 2017-இல் சிங்கப்பூர்த் தியேட்டர் தொழிலை 23 கோடி சிங்கப்பூர் டாலருக்கு எம்எம்2 ஏஷியா என்ற கம்பெனிக்கு விற்றது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பெயரும் திரைகளும், மனை அல்ல. மால்களுக்குக் கட்டவேண்டிய வாடகைப் பாக்கி ஏறியது, கோவிட் இரண்டு வருடத்தை விழுங்கியது, ஒவ்வொரு கிளையாக மூடினார்கள். 2025 செப்டம்பரில் எஞ்சியிருந்த கேத்தே தியேட்டர்களும் மூடப்பட்டன.

ஷா தியேட்டர்கள் எல்லாம் சொந்த மனையில் இருக்கின்றன என்று சொல்லவில்லை. மால்களில் வாடகைக்கு எடுத்து நடத்தியவையும் உண்டு, கட்டுப்படியாகாமல் மூடியவையும் உண்டு. லிடோ மூலையில் மட்டும் கணக்கு வேறு. மேலே ஐமாக்ஸ் திரையில் பாதி இருக்கை காலியாக இருக்கிற வாரத்திலும், கீழே கடை வைத்திருப்பவர்கள் மாத வாடகையை ஷாக்களுக்குத்தான் கட்டுகிறார்கள்.